நள்ளிரவில் அடித்த அலாரம்! – ஊர் மாறினால் உங்கள் போன் காலண்டர் என்ன செய்யும்?

நள்ளிரவு 12 மணி. நியூஜெர்சியில் மகள் வீட்டு மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்த அந்த மதுரை அம்மாவின் போன் விடாமல் சிணுங்கியது. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘பேத்தி ஸ்கூல் விழா – இன்னும் 30 நிமிடங்களில்’ என்றது திரை.

‘அர்த்த ராத்திரியில ஸ்கூலா? இந்த போனுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு’ என்று முணுமுணுத்தபடி அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

விடிந்தது. மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பினார்கள். பேத்தி ஸ்கூல் பஸ்ஸில் ஏறினாள். தாத்தா பாட்டிகளை அழைத்து மரியாதை செய்யும் விழா அன்று காலை 10 மணிக்கு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். ‘ஒன்பதரைக்கு போன் அடிக்கும், அப்போ கிளம்பலாம்’ என்று பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார் அந்த அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருட வேலையில் ஒரு நாள்கூட மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனதில்லை.

போன் அடித்தது, 10:40-க்கு. ஆனால், அது அலாரம் இல்லை, மகள். “அம்மா, எங்கம்மா இருக்க? ஸ்கூல்ல இருந்து கேக்குறாங்க!”

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கலர் பேப்பரில் செய்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஐந்து வயதுப் பேத்தி கேட்டது ஒரே கேள்விதான். “ஏன் அம்மாச்சி வரல?”

போன் செய்தது தப்பா?

நடந்தது இதுதான். மதுரையிலிருந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, மகள் போனில் விழாவின் தேதியையும் நேரத்தையும் சொல்லியிருந்தார். மறந்துவிடக் கூடாதே என்று அந்த அம்மாவும் உடனே தன் போன் காலண்டரில் ‘வெள்ளிக்கிழமை காலை 10 மணி’ என்று பதிந்துவைத்தார். அப்போது அவர் இருந்தது மதுரையில். அதனால் போன் அதை ‘இந்திய நேரம் காலை 10 மணி’ என்று எடுத்துக்கொண்டது.

அது செப்டம்பர் மாதம். நியூஜெர்சி இந்தியாவைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். இந்தியாவில் வெள்ளி காலை 10 என்றால், அங்கே வெள்ளி பிறந்து அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அதாவது நள்ளிரவு 12:30. அரை மணி நேரம் முன்னதாக, சரியாக 12 மணிக்கு போன் தன் கடமையைச் செய்துவிட்டது.

ஆக, போனுக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. சொல்லும்போது ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது, ‘எந்த ஊர் 10 மணி?’

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ‘10 மணி’ என்று எழுதினால், அதை எந்த நாட்டுக்கு எடுத்துப் போனாலும் 10 மணி என்றேதான் இருக்கும். போன் காலண்டர் அப்படியல்ல. அது எண்ணைக் குறித்துக்கொள்வதில்லை. அந்தக் கணத்தைக் குறித்துக்கொள்கிறது. நீங்கள் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ, அந்த ஊர்க் கடிகாரத்தில் அந்தக் கணம் எத்தனை மணி என்று மாற்றிக் காட்டுகிறது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மெட்ராஸுக்குத் தனி நேரம் இருந்தது!

ஊருக்கு ஒரு நேரம் என்பது நமக்குப் புதிதல்ல. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸில் அமைத்த வானாய்வு நிலையத்தின் கணக்குப்படி ‘மெட்ராஸ் நேரம்’ என்று ஒன்று இருந்தது. இன்றைய இந்திய நேரத்தைவிட சுமார் 9 நிமிடங்கள் குறைவு. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்த அந்தக் காலத்தில், ரயில்கள் ஓடியது நம் மெட்ராஸ் நேரத்தை வைத்துத்தான்.

1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைதான் அதற்கு அடிப்படை. கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் அதிகம். அதன் பிறகும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய நேரத்தை விடாமல் வைத்திருந்தன.

அன்று ஸ்டேஷன் மாஸ்டர் மனதுக்குள் போட்ட கணக்கை இன்று போன் போடுகிறது. ஆனால், எந்த ஊருக்கான கணக்கு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

பதியும்போதே ஊரைச் சொல்லுங்கள்

கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்ச்சியைப் பதியும்போது, தேதி, நேரத்துக்குக் கீழே ‘டைம் ஸோன்’ என்று ஒரு வரி இருக்கும். சில போன்களில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தொட்டால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் தொடாமலேயே விடும் இடம் அது. அதைத் தொட்டு, நிகழ்ச்சி நடக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நியூஜெர்சி என்று தேடிக் கிடைக்காவிட்டால் நியூயார்க் என்று தேடலாம். இரண்டுக்கும் ஒரே நேரம். இந்தியாவுக்கு கொல்கத்தா என்று காட்டினால் திகைக்க வேண்டாம். கணினி உலகம் நேரங்களைப் பெரிய நகரங்களின் பெயரால்தான் அடையாளம் வைத்திருக்கிறது. கொல்கத்தா என்றாலும் மதுரை என்றாலும் ஒரே நேரம்தான்.

அந்த அம்மா நியூயார்க் நேரம் காலை 10 மணி என்று பதிந்திருந்தால், மதுரையில் இருந்தவரை போன் அதை இரவு 7:30 என்று காட்டியிருக்கும். ‘என்னடா இது, தப்பாகக் காட்டுகிறதே’ என்று தோன்றும். அதைத் திருத்தக் கூடாது. விமானத்திலிருந்து இறங்கியதும் தானாகவே காலை 10 மணிக்கு வந்துவிடும்.

ஐபோனிலும் நிகழ்ச்சியின் நேரத்தைத் தொட்டால் டைம் ஸோனை மாற்றலாம். அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வசதி உண்டு. அலுவலகக் கணினியில் இந்திய நேரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஊர் நேரத்தையும் நிரந்தரமாகக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம்.

‘நான் நாலு நாள்தான் வெளியூரில் இருப்பேன். எனக்கு எல்லாமே இந்திய நேரத்திலேயே தெரிந்தால் போதும்’ என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ பகுதிக்குப் போய், ‘யூஸ் டிவைஸ் டைம் ஸோன்’ என்பதை அணைத்துவிட்டு இந்தியாவைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் காலண்டர் செட்டிங்ஸில் ‘டைம் ஸோன் ஓவர்ரைடு’ என்று இருக்கும். ஊர் திரும்பியதும் பழையபடி மாற்றிவிட மறக்காதீர்கள்.

கடிகாரத்தைத் திருகாதீர்கள்

பழைய கைக்கடிகாரப் பழக்கத்தில் சிலர் ஒரு காரியம் செய்வார்கள். சிங்கப்பூரில் இறங்கியதும், போனின் நேரத்தை மட்டும் கையால் இரண்டரை மணி நேரம் கூட்டி வைப்பார்கள். பார்ப்பதற்கு நேரம் சரியாக இருக்கும். ஆனால் போனைப் பொறுத்தவரை அது இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறது, கடிகாரம் மட்டும் இரண்டரை மணி நேரம் வேகமாக ஓடுகிறது. அலாரம், காலண்டர் எல்லாம் குழம்பும். வாட்ஸ்அப்கூட ‘உங்கள் போனின் தேதி சரியில்லை’ என்று புகார் சொல்லும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். செட்டிங்ஸில் ‘டேட் அண்ட் டைம்’ பகுதியில், நேரமும் டைம் ஸோனும் தானாக மாறும்படி வைத்துவிடுங்கள். உள்ளூர் சிம்மோ ரோமிங்கோ இல்லாமல் வைஃபையில் மட்டும் ஓடும் போனில் சில நேரம் ஊர் தானாக மாறாது. அப்போது டைம் ஸோனில் அந்த ஊரை நீங்களே தேர்ந்தெடுங்கள். நேரத்தை மட்டும் தொடாதீர்கள்.

இன்னொரு தப்பு அலுவலகப் பயணங்களில் நடக்கும். சென்னை அலுவலகத்தில் காலை 11 மணிக்கு மீட்டிங் ஏற்பாடு செய்துவிட்டு சிங்கப்பூர் போகிறார் ஒருவர். அங்கே போனதும் காலண்டர் மதியம் 1:30 என்று காட்டுகிறது. ‘11 மணிக்குத்தானே வைத்தோம்’ என்று அவர் அதைப் பழையபடி 11-க்கு மாற்றிவிடுகிறார். ஏற்பாடு செய்தவரே அவர் என்பதால், அது எல்லோருடைய காலண்டரிலும் மாறிவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு மீட்டிங் இப்போது காலை 8:30-க்கு! பாதிப் பேர் அப்போது டிரெயினில் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

பாட்டு கிளாஸும் பனிக்காலமும்

நம்மைப்போல எல்லா நாடுகளும் வருடம் முழுவதும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கும். சிட்னி, மெல்போர்ன் பக்கம் தலைகீழ். அவர்களுக்கு அக்டோபரில் முன்னே, ஏப்ரலில் பின்னே.

இதில் அடிபடுவது வாராவாரம் நடக்கும் விஷயங்கள். சென்னையில் இருக்கும் பாட்டு டீச்சர், நியூஜெர்சி குழந்தைகளுக்கு சனிக்கிழமை இரவு 7 மணிக்கு ஆன்லைனில் கிளாஸ் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு அது காலை 9:30. நவம்பர் வந்ததும் என்ன ஆகும்?

கிளாஸை டீச்சர் தன் காலண்டரில் இந்திய நேரத்தில் பதிந்து அழைப்பு அனுப்பியிருந்தால், அவருக்கு எப்போதும் 7 மணிதான். குழந்தைகளுக்கு 9:30 என்பது 8:30 ஆகிவிடும். மாறாக, அங்கே இருக்கும் அம்மா அமெரிக்க நேரத்தில் பதிந்து அனுப்பியிருந்தால், குழந்தைகளுக்கு 9:30 மாறாது. டீச்சருக்கு 7 மணி, 8 மணி ஆகிவிடும். 8 மணிக்கு அவருக்கு வேறு கிளாஸ் இருந்தால்?

யார் பதிவு செய்கிறார்களோ அவர்கள் ஊர் நேரம்தான் ஆணிவேர். அதனால் ஆரம்பத்திலேயே ‘எந்த ஊர் நேரம் மாறாமல் இருக்க வேண்டும்’ என்று பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

அண்ணன் லண்டன், தங்கை சிகாகோ, அம்மா கும்பகோணம் என்று பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கு மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்கள் தனிச் சோதனை. அமெரிக்கா மாறியிருக்கும், பிரிட்டன் மாறியிருக்காது. அந்த வாரங்களில் வழக்கமான வீடியோ காலில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தள்ளி வருவார்.

டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் ஒரு நாள்

விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறி, சிங்கப்பூரில் காலை 5:45-க்கு இறங்கினால், பறந்தது ஆறே முக்கால் மணி நேரம் அல்ல. நாலே கால் மணி நேரம்.

இதைவிடப் பெரிய ஆபத்து நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் ‘15-ம் தேதி 00:40’ என்று இருக்கும். 15-ம் தேதி இரவு சாவகாசமாகப் பெட்டியோடு ஏர்போர்ட்டுக்குப் போய், விமானம் முந்தின இரவே பறந்துவிட்டது என்று தெரிந்து கலங்கி நின்றவர்கள் உண்டு. 15-ம் தேதி 00:40 என்றால், 14-ம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்ததுமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

அதனால் விமான நேரத்தோடு நிறுத்தாமல், ‘14-ம் தேதி இரவு 8 மணி – வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்’ என்று தனியாக ஒரு பதிவு போட்டுவையுங்கள். போனில் 24 மணி நேரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டால் ஏஎம், பிஎம் குழப்பமும் வராது.

மாத்திரை, பிறந்தநாள், ஜாதகம்

போனில் இருக்கும் அலாரம் வேறு, காலண்டர் நினைவூட்டல் வேறு. காலை 7 மணி அலாரம், எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் 7 மணிக்குத்தான் அடிக்கும். காலண்டரில் மாத்திரை நேரத்தைப் பதிந்திருந்தால், அது ஊர் மாறும்போது தானும் நகர்ந்துவிடும். தினசரி மாத்திரைக்கு அலாரமே எளிது. ஆனால் ஒன்பது, பத்து மணி நேரம் மாறும் ஊருக்குப் போகும்போது முதல் இரண்டு நாள் எப்போது சாப்பிடுவது என்பதை, குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் போனை நம்பக் கூடாது.

பிறந்தநாளையும் கல்யாண நாளையும் ‘ஆல் டே’ என்று பதியுங்கள். அது நேரத்தோடு நகராது; எந்த நாட்டிலும் அதே தேதியில் நிற்கும்.

ஜாதகம் எழுதும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தை பிறந்த உள்ளூர் நேரத்தோடு, அன்றைக்கு அந்த ஊரில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டிருந்ததா என்பதையும் ஜோசியரிடம் சொல்ல வேண்டும். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறுவது. ஒரு மணி நேரப் பிசகு லக்னத்தையே மாற்றிவிடலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் இன்றைய நேரத்துக்கு மாறியது 1982 ஜனவரி 1-ல்தான். அதற்கு முன்பு அரை மணி நேரம் குறைவு. இலங்கையில் 1996-ல் நேரம் மாற்றப்பட்டு, 2006-ல்தான் மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றானது. இடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பிறந்தவர்களுக்கு இன்றைய கணக்கைப் போட்டால் பிசகும்.

மெசேஜில் எழுதும்போது…

* ‘நாளைக்கு’ என்று எழுதாதீர்கள். கிழமையும் தேதியும் எழுதுங்கள். உங்கள் நாளை, அவர்களுக்கு இன்றாக இருக்கலாம்.

* இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். ‘சனி, சென்னை இரவு 8 – நியூஜெர்சி காலை 10:30’ என்பது போல.

* ‘ஐஎஸ்டி’ என்று சுருக்காதீர்கள். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே மூன்று எழுத்துதான். ஊர்ப் பெயரே தெளிவு.

* முக்கியமான விஷயமென்றால் காலண்டரிலிருந்து அழைப்பாக அனுப்புங்கள். பெறுபவரின் போன் அவர் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும்.

சென்னையில் இரவு 8 மணி என்றால்…

* கொழும்பு, யாழ்ப்பாணம் – அதே இரவு 8

* துபாய் – மாலை 6:30

* சிங்கப்பூர், கோலாலம்பூர் – இரவு 10:30

* லண்டன் – கோடையில் மாலை 3:30, குளிர்காலத்தில் மதியம் 2:30

* நியூயார்க், நியூஜெர்சி, டொரன்டோ – கோடையில் காலை 10:30, குளிர்காலத்தில் 9:30

* கலிஃபோர்னியா – கோடையில் காலை 7:30, குளிர்காலத்தில் 6:30

* சிட்னி, மெல்போர்ன் – மறுநாள் பிறந்து 12:30. அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை 1:30

முதல் வரிசை நாற்காலி

அந்த மதுரை அம்மா, பேத்தியின் கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. பேப்பர் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். இரவு மகளிடம் போனைக் கொடுத்து, “எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு காட்டு” என்றார். மகள் ‘டைம் ஸோன்’ வரியைக் காட்டினார். “இவ்ளோதானா! இதை யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

டிசம்பரில் அதே பள்ளியில் பாட்டு நிகழ்ச்சி. இந்த முறை தானே பதிந்தார். பதிந்ததோடு விடாமல், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்திலும் எழுதி ஒட்டினார். காலை 9:30-க்கு போன் அடித்தபோது, அவர் ஏற்கெனவே பள்ளிக்கூட ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஏறிய பேத்தி, பாட்டு தொடங்கும் முன்பே அவரைக் கண்டுபிடித்துக் கையாட்டினாள்.

இப்போது அவர் மதுரைக்குத் திரும்பிவிட்டார். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு அவர் போன் சிணுங்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே முகம் கழுவி, பூ வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிடுகிறார்.